கொட்டாஞ்சேனைக்காரி செய்த முழங்கால்

அந்தப் பொம்மையை நான் இரண்டாந்தடவை பார்த்தபோது அது பறங்கி அம்மாவின் பியானோவின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. ஒரு கை முழங்கையில் மடங்கி நாடியைத் தாங்கியிருந்தது. யாருக்காகவோ காத்திருந்து அலுத்துப்போன பெண்ணைப் போல இருந்தது.

அந்தப் பொம்மையின் முகம் என் கைவேலை. அழிந்துபோயிருந்த புருவத்தையும் உதட்டையும் வரைந்து, தலையில் புதிதாக முடி நட்டு, முந்திய மாதந்தான் திருப்பிக் கொடுத்திருந்தேன். என் கையை விட்டுப் போகும்போது அதற்கு நிற்கவும் படுக்கவும் மட்டுமே தெரியும்.

"ஆர் மிஸ் இதைச் செய்தது?" என்று கேட்டேன்.

"கொட்டாஞ்சேனையில ஒரு பெண். எவ்வளவு கெட்டிக்காரி பார்த்தியா?" என்று பறங்கி அம்மா பொம்மையின் காலை எடுத்து மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு வந்து கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், பிளாட் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்தோம். என் கணவர் ஒரு கம்பனியில் கிளார்க். நான் வீட்டிலிருந்து சட்டை தைத்துக் கொடுத்தேன். அதே ஒழுங்கையின் கடைசி வீட்டில் தனியாக இருந்தவர், ஐரோப்பியர் வழிவந்த பறங்கி அம்மா. கப்பலில் வேலை பார்த்த அவருடைய தம்பி அறுபதுகளில் துறைமுகம் துறைமுகமாக வாங்கி வந்த ஃபஷன் பொம்மைகள் ஒரு கண்ணாடி அலுமாரி நிறைய இருந்தன. ஒடுங்கிய இடுப்பு, நீண்ட கழுத்து, கடைக்கண்ணால் பார்க்கும் பார்வை. கடற்காற்றும் கவனிப்பின்மையும் அவற்றை ஒரு வழி பண்ணியிருந்தன. ஒரு பொம்மைக்கு கவுண் தைத்துத் தரச் சொல்லித்தான் என்னை முதலில் கூப்பிட்டார். கவுண் தைத்தபோது அதன் மொட்டைத் தலையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அப்படித்தான் இந்த வேலைக்குள் விழுந்தேன்.

எல்லாவற்றையும் நானாகவே கண்டுபிடித்தேன். பித்தளைத் தோடு கிடந்து காதடி பச்சை பிடித்திருந்தால், முகப்பருவுக்குப் பூசும் கிரீமைத் தடவி வெயிலில் வைத்தால் பச்சை வெளுத்துவிடும். பிசுபிசுக்கும் கால்களைச் சவர்க்காரத்தில் கழுவி பவுடர் போட வேண்டும். சுடுதண்ணீரில் போட்டால் தலை இளகிக் கழன்று வரும்; பிறகு ஊசியின் காதைப் பாதியாக நறுக்கி, சவுரி முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைக்குள் குத்தி நடவேண்டும். கண் வரைவதற்கு மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பறங்கி அம்மாவின் சிநேகிதிகளும் தங்கள் பொம்மைகளைக் கொண்டுவந்தார்கள். கொழும்பிலே இந்த வேலை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று ஒருவர் சொன்னார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பல நாள் சந்தோஷமாக இருந்தேன்.

அன்று பறங்கி அம்மாவிடம் கேட்டு அந்தப் பொம்மையை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். உடுப்பைக் கழற்றிப் பார்த்தேன். முழங்காலில் வெட்டு இருந்ததே தெரியவில்லை. உள்ளே மணி ஒன்று குழிக்குள் உருளுவதுபோல இருந்தது. மடக்கினால் மடங்கிய இடத்திலேயே நின்றது, தொய்யவில்லை.

என்னுடைய பொம்மைகளை ஏறெடுத்தும் பாராத என் மகள் அன்று பின்னேரம் முழுக்க அதைத் தன் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார வைத்து விளையாடினாள்.

"அம்மா, உங்கட பொம்மையள் சும்மா நிக்கிறது மட்டும்தானே," என்றாள்.

"அதின்ர மூஞ்சை வடிவாப் பார். அது நான் கீறினது," என்றேன்.

"ஓம், தெரியும்," என்று சொல்லிக்கொண்டு அவள் அதன் காலை மடக்கினாள்.

மறுநாள் கையில் வேறு பொம்மைகள் இருந்தும் எனக்கு வேலை ஓடவில்லை. உதவாத பழைய பொம்மை ஒன்றின் காலை அறுத்து, பித்தான், மீன்பிடித் தங்கூசி நூல், ரப்பர் என்று எதையெல்லாமோ வைத்துப் பார்த்தேன். ஒன்று தொங்கியது, ஒன்று மடங்கவே இல்லை. என் கணவர் பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு, "அந்தக் கொட்டாஞ்சேனைக்காரியிட்டயே போய்க் கேக்கலாமே," என்றார். அந்த நேரம் அவர் மீது வந்த கோபம் இப்போதும் எனக்கு நியாயமாகவே படுகிறது.

கடைசியில் போகத்தான் செய்தேன். பறங்கி அம்மாவே அனுப்பினார். அலுமாரியில் இருந்த எல்லாப் பொம்மைகளையும் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்து தரவேண்டும், முகமும் முடியும் நான், மூட்டுகள் அவள், என்று தீர்மானித்துவிட்டார். எனக்கு விருப்பமா என்று கேட்கவில்லை. மறுத்தால் முகத்துக்கும் வேறு ஆளைப் பிடித்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

கொழும்பின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு நெருக்கமான வரிசை வீடு. ஹார்பரில் வேலை பார்ப்பவரின் மனைவி. என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். ஒரு வயதுகூட நிரம்பாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். குசினி மேசையில் மீன் வெட்டும் பலகைக்குப் பக்கத்தில் பொம்மைக் கால்கள் கிடந்தன.

"வாங்க அக்கா. நீங்கதானே முகம் வரையிறவங்க? மிஸ் சொன்னாங்க. எனக்கு ஒரு கோடு நேரா போட வராது."

அவள் அதை அவ்வளவு லேசாகச் சொன்னாள். மறைக்காமல் எல்லாவற்றையும் காட்டினாள். குடைக் கம்பியைச் சுடவைத்துத் துளை போட்டாள். தீர்ந்துபோன பேனாவின் குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி உள்ளே செருகினாள். மூட்டுக்குள் இருந்தது செபமாலை மணி.

"செபமாலையையா அறுத்தனீங்கள்?"

"கடையில விக்கிற மணிதான் அக்கா. இன்னும் ஆசீர்வாதம் பண்ணல்ல," என்று சிரித்தாள். "என்ட அவர் கிரேன்ல வேல செய்றவர். மூட்டு எப்பிடி ஓடுதெண்டு அவர்தான் சோத்துல கீறிக் காட்டினார்."

சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றை ஒதுக்கி, விரலால் கிரேனின் மூட்டைக் கீறிக் காட்டும் ஒரு புருஷன். அதையும் நினைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் திரும்பி வந்தேன். காட்டிய எல்லாவற்றையும் பார்த்திருந்தேன். வீட்டுக்கு வந்து செய்தால் அப்படி வரவில்லை. துளை ஒரு நூலளவு பெரிதாகிவிட்டால் கால் ஆடும். அந்த நூலளவு அவளுடைய கைக்குத் தெரிந்திருந்தது.

பொம்மைகள் பிறகு எங்கள் இருவருக்கும் இடையில் போய்வரத் தொடங்கின. அவள் கால் கைகளுக்கு மூட்டுப் போட்டு, பொருத்துகிற சாமான்களோடு எடுத்து வருவாள்; நான் முகம் முடித்துப் பறங்கி அம்மாவிடம் கொடுப்பேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் முழங்காலைத்தான் மடக்கிப் பார்த்தார்கள். நான் வேண்டுமென்றே இன்னும் நுணுக்கமாக வரைந்தேன். இமைமயிரைத் தனித்தனியாகப் போட்டேன். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் பொலிஸ்காரர் ஒருவர் எங்கள் கதவைத் தட்டினார். அந்த நாட்களில் கதவு தட்டப்பட்டால் தமிழர் எல்லாருக்கும் முதலில் ஐடென்டிட்டி கார்டும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பொலிஸ் பதிவும்தான் ஞாபகம் வரும். இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். வந்தவர் பதிவைப் பார்க்கவில்லை. ஒரு பெண்ணைச் சோதனைச் சாவடியில் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவள் பையோடு இந்த விலாசத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தாளாம், ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள் என்றார்.

அவள்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. பைக்குள் பொம்மைக் கால்களும் கைகளும் இருந்திருக்கும். அவற்றோடு கம்பிச் சுருள், ஸ்பிரிங், நறுக்கிய குழாய்கள், நூல். பஸ்ஸை விட்டு எல்லாரையும் இறக்கிப் பைகளைத் திறக்கும் இடத்தில் அவற்றைப் பார்த்தவர்களுக்குக் குண்டு என்பதைத் தவிர வேறு என்ன தோன்றும். போதாததற்கு யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் இருக்கும் ஒரு வீட்டு விலாசத்தைச் சொல்லியிருக்கிறாள். என் விலாசம் அவளுக்கு உதவி செய்திருக்காது.

கணவர் வேலையில் இருந்தார். மகளைப் பக்கத்து பிளாட்டில் விட்டேன். மேசையில் முடித்து வைத்திருந்த பொம்மை ஒன்றைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்தப் பொலிஸ்காரரோடு போனேன்.

அவள் ஸ்டேஷனில் சுவரோரம் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பொலிஸ்காரி இருக்கச் சொன்னாள். ஸ்டேஷன் பொறுப்பதிகாரியான பெரியவரின் மேசையில் பேப்பரை விரித்து அதன்மேல் பொம்மைக் கால்களை வரிசையாக வைத்திருந்தார்கள். கம்பியும் ஸ்பிரிங்கும் தனியாக ஒரு பக்கம்.

"இது என்ன?" என்று பெரியவர் சிங்களத்தில் கேட்டார்.

என்னுடைய சிங்களம் கடைக்குப் போதும், பொலிசுக்குப் போதாது. நான் துவாயைப் பிரித்து, பொம்மையை எடுத்து, அவருடைய மேசை விளிம்பில் உட்கார வைத்தேன். கால்மேல் காலைப் போட்டேன். கையை மடக்கி நாடியில் வைத்தேன். கையை எடுத்தேன்; அது விழவில்லை.

பெரியவர் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு விரலால் முழங்காலை நீட்டினார், மடக்கினார். மற்றப் பக்கத்திலிருந்து இரண்டு பொலிஸ்காரர்கள் வந்து நின்றார்கள். ஒருவர் கையை மடக்கினார். பொலிஸ்காரியும் எழும்பி வந்தாள்.

"நீயா செய்தாய்?" என்று பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மம நெவெய், எயா," என்று வாங்கைக் காட்டினேன். நானில்லை, அவள். பயத்தின் நடுவிலும் அந்தச் சொற்கள் எனக்குக் கசந்தன. உடனே, "கண்ணும் வாயும் நான்," என்று என் ஓட்டைச் சிங்களத்தில் சேர்த்துச் சொன்னேன். ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை.

"பொம்மைக்கு எதற்கு முழங்கால்?" என்று பெரியவர் அவளிடம் கேட்டார்.

அவள் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. சிங்களம் தண்ணீராக ஓடும். "உட்காரத்தான் சேர். வந்த நாளிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறார்கள், பாவம்," என்றாள்.

பொலிஸ்காரி சிரித்துவிட்டாள். பெரியவரின் முகமும் இளகியது. அப்போது எனக்கு அவளுடைய மூட்டுகள்மீது மட்டுமல்ல, நாக்கின் மீதும் பொறாமையாக இருந்தது. அவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு அப்படி ஒரு பதிலை எங்கிருந்து எடுத்தாளோ.

இருவருடைய வாக்குமூலத்தையும் எழுதி, பறங்கி அம்மாவுக்குப் போன் பண்ணி விசாரித்து, கம்பியை மட்டும் வைத்துக்கொண்டு வெயில் தாழும்போது விட்டார்கள். வெளியில் வந்ததும் மதிலோரம் உட்கார்ந்துவிட்டேன். அவள் எதிர்க்கடைக்குப் போய் எனக்குச் சோடா வாங்கி வந்தாள்.

"பயந்திட்டீங்களா அக்கா?"

"உமக்குப் பயமில்லையா?"

"சரியான பயம். புள்ள பக்கத்து வீட்டுல, பால் குடிக்கிற நேரம்." அப்போதுதான் அவளுடைய சட்டையின் முன்பக்கம் நனைந்திருப்பதைக் கண்டேன். ஓட்டோ ஒன்றை மறித்து அவளை ஏற்றி அனுப்பினேன். ஓட்டோ போன பிறகு பார்த்தால் கால்கள் இருந்த பை என் கையில் இருந்தது.

எங்களுக்குள் அதற்குப் பிறகு ஒரு நெருக்கம் வந்தது. பொறாமை போகவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கமுடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கம்பி கொண்டு திரியப் பயந்து, சாமான்களை என்னிடம் விட்டுவிட்டு, மூட்டு வேலையை எங்கள் பிளாட்டிலேயே வந்து செய்தாள். ஜன்னலோரம் இருவரும் எதிரெதிரே இருந்து வேலை செய்வோம். கீழே ரயில் போகும்போது மேசை அதிரும், நான் தூரிகையைத் தூக்கிவிடுவேன். அவள் நிறுத்தமாட்டாள்.

அலுமாரிப் பொம்மைகள் முடிகிற தறுவாயில் அவளுடைய கணவருக்கு இத்தாலிக்குப் போக வழி கிடைத்தது. அவளும் பிள்ளையுமாகப் பின்னால் போனார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் பொம்மை கொண்டுவருகிறவர்கள் எல்லாரும், "மடங்கும்தானே?" என்று கேட்டார்கள். வேறு வழியில்லாமல் நானே செய்தேன். எத்தனையோ கால்களைப் பழுதாக்கிய பிறகு கைக்கு வந்தது.

நாட்டில் சண்டை இன்னும் முடிந்திருக்கவில்லை. ஒரு டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு அவள் லீவில் வந்தவள் என்னைப் பார்க்க வெள்ளவத்தைக்கு வந்தாள். இத்தாலியில் ஒரு வயதான பெண்ணைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை. கைகள் தடித்துப்போயிருந்தன. எனக்கு சொக்லேட்டும், மகளுக்கு ஒரு ஸ்வெட்டரும் கொண்டுவந்திருந்தாள். கொழும்பு வெக்கையில் அந்த ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு இருவரும் சிரித்தோம்.

"அங்க பொம்மை செய்யிறீரா?" என்று கேட்டேன்.

"எங்க அக்கா நேரம். விட்டு எவ்வளவோ காலம். நெனைக்கிறதும் இல்ல."

தேநீர்க் கோப்பையை எடுத்துக் குடித்தாள். அவ்வளவுதான். அந்த நூலளவைப் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். பிறக்கும்போதே கையில் கிடைத்ததை, பஸ் டிக்கட்டைக் கசக்கிப் போடுவதுபோல இவளால் எப்படிப் போட முடிந்தது? அது இல்லாமல் இருக்க முடிகிற அந்த மனத்தின்மீதும் எனக்குப் பொறாமை வந்தது.

மேசையில் நான் செய்த பொம்மை ஒன்று இருந்தது. அவள் அதை எடுத்தாள். முகத்தைத்தான் முதலில் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். பிறகு முழங்காலை ஒரு தடவை மடக்கி நீட்டினாள்.

"நல்லா வந்திருக்கு அக்கா," என்றாள்.

உண்மையாகச் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா என்று அவளுடைய முகத்தில் தேடினேன். அவள் பொம்மையை உட்கார வைத்துவிட்டு, என் மகளின் பரீட்சையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினாள்.