கண்ணுக்குக் கீழே ஓர் ஓட்டை

அந்தப் படத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா, அதாவது என் அக்கா புருஷன், கம்பெனி வேன் ஓட்டுகிறவர். கோவளத்தில் பைக் மணலில் சறுக்கி விழுந்து கன்னம் வீங்கிவிட்டது. ஜிஎஸ்டி ரோட்டில் புதிதாய் முளைத்த ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, முகத்துக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நான் ஆபீஸ் முடிந்து போவதற்குள் எல்லாம் முடிவாகியிருந்தது. அங்கே நோயாளி வீட்டாரிடம் பேசுவதற்கென்றே இருக்கும் பெண், டேப்லெட்டில் மாமாவின் மண்டையோட்டைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டியிருக்கிறாள். இடது கண்ணுக்குக் கீழே ஓட்டை. கண்குழியின் தரை உடைந்துவிட்டது, கண் உள்ளே இறங்கிவிடும், ஆபரேஷன் செய்து தகடு வைக்கவேண்டும் என்றாளாம். அக்கா அங்கேயே அழுதுவிட்டாள்.

என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த மாதிரி மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. ஸ்கேன் மெஷின் தருவது மெல்லிய துண்டு துண்டான படங்கள். அவற்றை அடுக்கி முழு மண்டையோடாக்குவது மென்பொருள். எவ்வளவு அடர்த்திக்கு மேல் இருந்தால் எலும்பு என்று அதில் ஓர் அளவு வைப்போம். சல்லடை மாதிரிதான்: கல் நிற்கும், நொய் இறங்கிவிடும். கண்குழியின் தரையோ வெங்காயத் தோல் கனம். அளவைக் கொஞ்சம் ஏற்றினால், எலும்பு முழுசாக இருந்தாலும் அங்கே ஓட்டை தெரியும். இந்த விஷயம் எனக்கும் தெரியும், டேப்லெட் காட்டிய அந்த மகராசிக்கும் தெரியும். ஆனால் இந்த மென்பொருளை ஆஸ்பத்திரிகளுக்கு விற்கப் போகிறவர்கள் எல்லாரும் சுழலும் மண்டையோட்டைத்தான் முதலில் காட்டச் சொல்வார்கள். துண்டுப் படங்களைப் பார்க்க எவருக்குப் பொறுமை இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் சிடியை வாங்கி லேப்டாப்பில் போட்டேன். துண்டுப் படங்களில் அந்த எலும்பு மெல்லிய கோடாக, முழுசாக இருந்தது. எங்கள் ஆபீசுக்கு ஆலோசனை சொல்லும் ஸ்கேன் டாக்டருக்கு அனுப்பினேன். கன்ன எலும்பில் லேசான கீறல், தானே கூடிவிடும், கண்குழிக்கு ஒன்றுமில்லை என்றார். அப்பாடா என்று அக்காவை உட்காரவைத்து, அவள் கண்ணெதிரில் அளவை மெல்லக் குறைத்தேன். ஓட்டை சுருங்கி மூடிக்கொண்டது.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீ மவுச இழுத்த, அது மூடிக்கிச்சி. அவரு மூஞ்சில மூடிக்கிச்சாடி?”

தலைதலையாய் அடித்துக்கொண்டேன். உன் டாக்டர் அவரைத் தொட்டுப் பார்த்தாரா என்று கேட்டாள். வண்டி ஓட்டுகிறவருக்குக் கண் போனால் நீ பதில் சொல்வாயா என்று கேட்டாள். ஆபரேஷன் டாக்டரை வழிமறித்து, துண்டுப் படங்களை ஒருமுறை பாருங்கள் என்று கெஞ்சினேன். நீங்க டாக்டரா என்று கேட்டுவிட்டு அந்த மனுஷன் போய்க்கொண்டே இருந்தார். கட்டிலில் கிடந்தவரை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் ஒரு விரலை நீட்டி எத்தனை என்றேன். ஒன்று என்றார், எல்லாம் எப்போதும்போலத் தெரிகிறது என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று அக்கா அவர் வாயையும் அடைத்துவிட்டாள்.

ஆபரேஷன் நடந்தது. வீக்கமெல்லாம் வடிந்த பிறகு மறுபடி ஒரு ஸ்கேன். ஊரப்பாக்கம் வீட்டுக்கு என்னை வரச்சொல்லி, அக்கா கலர் படத்தை நீட்டினாள். ஓட்டை இருந்த இடத்தில் தகடு அம்சமாய் உட்கார்ந்திருந்தது. இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு ஜெயித்த களை. அறைந்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

மாமா ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். வேன் சாவியைக் கம்பெனியில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கையை எடுத்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பொத்திக்கொண்டார்.

“ஆபரேசனுக்கு அப்பறம் எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதும்மா. ரோடே ரெண்டா கீது. எதுல ஓட்றது?”