மச்சான் படகு இறக்கிய கதை

என் அக்கா சித்ராதேவியின் வீட்டுக்காரர் ரத்தினசாமி, வேலம்பாளையத்தில் ஒரு நிட்டிங் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக ஃபிட்டர். எது ஒழுகினாலும் அவருக்கு ஒரே வைத்தியம், பனியன் வேஸ்ட். கட்டிங்கில் கழியும் துணித்துண்டை உருட்டித் திணித்துவிடுவார். அவர் வீட்டுக் குழாய், என் மொபெட்டின் பெட்ரோல் மூடி எல்லாம் அப்படித்தான் நிற்கின்றன. சொன்னால் கேட்கிற மனிதரா?

அவர்தான் பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினார். காவிரியில் ஓட்டப் போகிறாராம். எட்டு மாதம் அதைச் சுற்றித்தான் அக்கா கோலம் போட்டாள். கடைசியில் சொல்லிவிட்டாள்:

"ஒரு தடவ நானே ஏறி உக்காந்து பாக்கறேனுங்க. சரியில்லீன்னா அன்னிக்கே காயலாங்கடைக்குப் போயிரோணும்."

ஞாயிற்றுக்கிழமை மினி லாரியில் ஏற்றிக் கொடுமுடிக்குக் கொண்டுபோய் ஆற்றோரம் இறக்கினோம். ஓட்டியது நான். சக்கரமில்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று கால் மணி நேரம் யோசித்தார் மச்சான். கற்பூரம் காட்டிய பிறகு சட்டைப்பையைத் தடவினார். பிறகு பேண்ட் பையை.

படகின் பின்னடியில், உள்ளே சேரும் தண்ணீரை வடிக்க ஒரு ஓட்டை உண்டு. முந்தின நாள் கழுவும்போது அதன் மூடியைக் கழற்றி, தொலைந்துவிடக் கூடாதென்று கம்பெனி யூனிஃபார்ம் பையில் போட்டிருக்கிறார். யூனிஃபார்ம் வேலம்பாளையத்தில் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

"இதுக்கெல்லாம் பயந்தா ஆகுமா மாப்ள?" என்று பனியன் வேஸ்ட்டை எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேண்டாமுங்க மச்சான், இது ஆறுங்க!"

அதற்குள் திணித்து முடித்திருந்தார். நான் சொல்லுமுன் அக்காவும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் நானும் ஏறினேன்.

மோட்டார் ஒரே இழுப்பில் பிடித்தது. கரையோரமாகவே போனோம். அக்கா முதலில் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்திருந்தாள். பிறகு ஒரு கையை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். பதினைந்து வருடமாகப் பனியன் கம்பெனி செக்கிங் மேசையில் ஓட்டையும் பிசிறும் தேடுகிறவள், காலடியில் தண்ணீர் ஏறுவதைப் பார்க்கவேயில்லை.

கரை சேர்ந்தபோது அவள் சேலை முழங்கால்வரை ஈரம். மூடி வீட்டில் தொங்கும் கதையை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். மச்சானைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

"காயலாங்கடைக்கே போட்டரலாம் சித்ரா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அக்கா இறங்கவில்லை. ஒரு டப்பாவை எடுத்துத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தாள்.

"வேலு, ஊட்டுக்குப் போயி அந்த மூடிய எடுத்துட்டு வா கண்ணு. இன்னொரு சுத்துப் போயிட்டுத்தான் நான் எறங்குவேன்."

போய்வர மூன்று மணி நேரம் ஆகும் என்றேன்.

"ஆகட்டும்" என்றாள்.