யாழினியின் இடது காது

என் மகளின் இடது காதைச் செவிடாக்கியவன் நான்தான். அவள் குளியலறையில் வழுக்கி விழவில்லை... நான் அடித்தேன்!

சிங்கப்பூரில், எங்கள் செங்காங் வீட்டில், பட்டப்பகலில். நீங்கள் நம்பமாட்டீர்கள். லிட்டில் இந்தியாவில் டியூஷன் நிலையம் நடத்துகிறேன். "சார், எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல்?" என்று பெற்றோர் என்னிடம்தான் வருவார்கள். எங்கே எந்த மாதிரிப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி.

யாழினிக்கு அமெரிக்காவில், டெக்சஸில், தாதிமைப் படிப்புக்கு, அதாவது நர்சிங்குக்கு, இடம் கிடைத்தது. கல்லூரியின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். மாணவர்களில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் என்று பெருமையாகப் போட்டிருந்தது. எனக்கோ ரத்தம் தலைக்கேறியது.

"மெக்சிகோக்காரப் பசங்க படிக்கிற காலேஜா? என் பேரு என்னாவுறது?"

அவள் பயப்படவில்லை. "நீங்க படிச்ச ஸ்கூலையும் இந்தியன் பசங்க ஸ்கூல்னுதான் சொன்னாங்க லா. அப்ப உங்களுக்கு எப்படிப்பா இருந்துச்சு?"

உண்மை! அப்படிச் சொன்ன ஒருவனின் பல்லைப் பதினாறு வயதில் உடைத்தவன் நான். அதை அவளிடம் பீற்றிக்கொண்டவனும் நானே... கை எழுந்தது.

கழுத்தைப் பிடித்து அலமாரியில் இடித்தேன். அறைந்தேன். நான்கா? ஐந்தா? விழுந்தவளை உதைத்தேன். குறுக்கே விழுந்த என் மனைவிக்கும் உதை. யாழினியின் காதிலிருந்து ரத்தம் வழிந்து சட்டையை நனைத்த பிறகே நிறுத்தினேன். நான் மனிதனா?

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன் டாக்டர்," என்றாள். அப்பாவைக் காப்பாற்றுகிறாள் என்று உள்ளூர மகிழ்ந்தேன்... போலிஸ், விசாரணை என்று போனால் பயணம் நின்றுவிடுமே என்றுதான் அவள் பயந்திருக்கிறாள். அதைப் பிறகு அவளே தாயிடம் சொன்னாள்.

போனாள். இப்போது மூன்றாம் ஆண்டு. போன வாரம் கைப்பேசியில், கூடப் படிக்கும் ரோசாவின் வீட்டைப் பற்றிப் பேசினாள்.

"ரோசாவோட அப்பாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதுப்பா. மொத நாள் நான் தலையைத் திருப்பித் திருப்பிக் கேக்குறதைப் பார்த்தாரு. எழுந்து வந்து வலது பக்கம் உக்காந்துட்டாரு. இப்ப அவங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான்."

நான் பேச்சை மாற்றினேன்.

சென்ற விடுமுறையில் ஒரு மாதம் வீட்டில் இருந்தாள். சாப்பாட்டு மேசையில் தினமும் அவளுடைய இடப்பக்கம்தான் உட்கார்ந்தேன். "கூப்பிட்டா காது கேக்கலயா?" என்று இரண்டு முறை சீறியும் இருக்கிறேன்!