நடுவில் வைத்த அச்சு

அந்தக் கதவு சுழன்றது மொத்தம் நான்கு விநாடிதான். பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை, பதினான்கு அங்குலக் கணினித் திரை, அதில் இன்னும் கட்டப்படாத ஒரு வீட்டின் தேக்கு முன்கதவு. கதவு என்றால் ஓரத்தில் கீல் இருக்கும், ஒரு பக்கமாகத் திறக்கும். இது அப்படித் திறக்கவில்லை. நட்டநடுவில் கம்பி குத்தியதுபோல் நின்ற இடத்திலேயே சுற்றியது. ஒரு பாதி வீட்டுக்குள் போக, மறுபாதி தெருவுக்கு வந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஆறு பேரில் அது ஏன் அப்படிச் சுற்றுகிறது என்று தெரிந்தவன் நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, முகத்தை வெள்ளந்தியாக வைத்திருந்தேன்.

கதவைச் செய்தவன் என் சித்தி மகன். என்னைவிட ஒரு வயது இளையவன். கல்லிடைக்குறிச்சியில் வீட்டோடு சும்மா இருந்தவனை எங்கள் இன்ஜினியர் சாரிடம் கூட்டிவந்து சேர்த்தது நானேதான். தொண்ணூறுகளின் கடைசி. கட்டடங்களை முப்பரிமாணத்தில் காட்டும் மென்பொருள் அப்போதுதான் எங்கள் பக்கம் எட்டிப்பார்த்திருந்தது. ஜில்லாவிலேயே எங்கள் ஆபீசில்தான் முதலில் வந்தது என்று சார் எல்லோரிடமும் சொல்வார். உண்மையா என்று யாரும் விசாரிக்கவில்லை. சுவர், தூண், மாடிப்படி எல்லாம் என் வேலை. ஒரு நூல் பிசகாது. ஆறு மாதம் மெட்ராஸில் தங்கிப் படித்துவிட்டு வந்தவனல்லவா நான். அவன் எங்கேயும் படிக்கவில்லை. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் செய்வதைப் பார்த்தே கற்றுக்கொண்டான். நான் நிறுத்தி வைத்தவற்றை அவன் அசைய வைத்தான்.

முதலில் அசைத்தது ஒரு ஊஞ்சலை. அதற்கு ஒரு வாரம் முன்பு நானும் ஒரு ஊஞ்சலை ஆட்டிக் காட்டியிருந்தேன். இந்தக் கோடியில் ஒரு நிலை, அந்தக் கோடியில் ஒரு நிலை என்று குறித்துக் கொடுத்தால் இடையில் உள்ளதைக் கணினி போட்டுக்கொள்ளும். என் ஊஞ்சல் மாவு மில் பெல்ட் மாதிரி ஒரே வேகத்தில் போய்வந்தது. அவனுடையது உச்சிக்குப் போனதும் ஒரு கணம் தயங்கிவிட்டுத் திரும்பியது. அவ்வளவுதான் வித்தியாசம். சார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அதைப் பத்து தடவை பார்த்தார். "ஏலே, ஆளு ஏறி உக்காந்து ஆடுத மாதிரில்லா இருக்கு!" என்றார். அந்த ஊஞ்சல் தொங்கிய கூடம் நான் மூன்று நாள் கண் வலிக்கக் கட்டியது. கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று எனக்கு வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமில்லை. அன்றைக்கு எனக்கே ஒத்துக்கொள்ளத் தெரியவில்லை, மத்தியானம் சாப்பிட்ட சாம்பார் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வந்தார் ஹாஜியார். காயல்பட்டினத்துக்காரர், துபாயில் கட்டட ஒப்பந்தம் எடுத்துச் செய்பவர். மகளுக்கு ஊரில் வீடு கட்ட வேண்டும். மகளுக்கு வீட்டைக் கொடுத்து, மருமகன் அங்கே வந்து குடியிருப்பது அவர்கள் ஊர் வழக்கம். வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சாரிடம் இன்னொன்றும் கேட்டார். துபாய் ஆபீசுக்கு இந்த வேலை தெரிந்த ஒருவர் வேண்டும், இவர்கள் இரண்டு பேரில் எவர் கெட்டிக்காரரோ அவரை அனுப்பித் தாருங்கள் என்றார். வீட்டைத் திரையில் காட்டப்போகும் திங்கட்கிழமை அன்றே முடிவு சொல்வதாகப் பேச்சு. எனக்கு உள்ளுக்குள் தெரியும், பார்த்த மாத்திரத்தில் ஹாஜியார் அவனைத்தான் கேட்பார். நான் கட்டிய வீட்டில் அவன் கதவைத் திறப்பான். திறந்த கதவு வழியாக அவன் துபாய்க்குப் போய்விடுவான்.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. கதவு திறப்பதை அவன் ஒரு முறை ஓட்டிப் பார்த்தான். கதவு ஓரத்துக் கீலில் பையத் திறந்து, சுவரை நெருங்கியதும் வேகம் குறைந்து, சத்தமில்லாமல் நின்றது. இதைப் படம் படமாகக் கணினி வரைந்து முடிக்க ஒன்றரை நாள் பிடிக்கும். ஞாயிறு முழுக்க யாரும் தொடாமல் ஓடவிட வேண்டும். சித்திக்குக் காய்ச்சல் என்று அவனுக்கு ஊருக்குப் போகும் அவசரம். "அண்ணே, நீங்களே ஒரு தடவ பாத்துட்டு ஓட விட்ருங்க. மூணு மணி பஸ்ஸப் புடிக்கேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அந்த மென்பொருளில் எந்தப் பொருளைச் செய்தாலும் அது சுழல்வதற்கான அச்சு முதலில் நடுவில்தான் இருக்கும். கதவு என்றால் அதை ஓரத்துக்கு நகர்த்திவைக்க வேண்டும். முதல் நாள் பாடமே அதுதான். மறந்தால் அது கத்துக்குட்டியின் தப்பு, பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். நான் அச்சைப் பிடித்து இழுத்து நடுவில் வைத்தேன். ஓட விட்டேன். மின்விசிறியை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டி, சாவியைக் கீழே பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய்.

திங்கட்கிழமை நான் போனபோது அவன் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். திரை அணைந்திருந்தது. "வாங்கண்ணே" என்றான், வழக்கம்போல. பத்து மணிக்கு ஹாஜியார், அவர் மைத்துனர், மேஸ்திரி எல்லோரும் வந்தார்கள். வீடு வந்தது, தெரு வந்தது, முன்கதவு வந்தது. பிறகு அந்த நான்கு விநாடி. சார் முகம் சுண்டிப்போயிற்று. "என்னலே இது?" என்றார் அவனைப் பார்த்து. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஹாஜியார் தொடையில் தட்டிச் சிரித்தார். "துபாய்ல பெரிய ஓட்டல்ல இப்படித்தான் கதவு வச்சிருக்கான்! நம்ம ஊருல எவன் வீட்டுலயும் இல்லயே. யாரு யோசனை இது?"

சித்தி மகன் ஹாஜியாரைப் பார்த்தே சொன்னான். "அண்ணன்தான் செஞ்சாங்க."

பொய்யில்லை. அவன் என் பக்கம் திரும்பவும் இல்லை. காலையிலேயே அவன் படத்தை ஓட்டிப் பார்த்திருக்கிறான் என்பது அந்த நிமிடம் எனக்கு விளங்கியது. ஹாஜியார் என் தோளில் கை வைத்து, "தம்பி, பாஸ்போர்ட் எடுத்து வைங்க" என்றார்.

சாயங்காலம் வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றோம். திட்டுவான், சட்டையைப் பிடிப்பான் என்று காத்திருந்தேன். பிடித்திருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும். பஸ் வந்ததும் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு சொன்னான். "அண்ணே, அச்ச நடுவுல வச்சா பாதி அகலம்தான் தொறக்கும். கட்டிலு, பீரோ ஒண்ணும் போவாது. ஹாஜியார்ட்ட சொல்லிருங்க, என்ன?" அவ்வளவுதான். ஆளைப் பற்றி ஒன்றுமில்லை, கதவைப் பற்றித்தான் கவலை.

நான் சொல்லவில்லை. சொன்னால், பிறகு ஏன் அப்படிச் செய்தாய் என்ற கேள்வி வரும். விசா வருகிற நேரத்தில் அந்தக் கேள்வி எதற்கு? ஹாஜியார் திரையில் பார்த்தபடியே நடுவில் அச்சு வைத்துத்தான் கதவை மாட்டினார். நான் துபாய்க்குப் போனேன். இருபது வருடத்துக்கு மேல் அங்கே யார் யாருக்கோ குளியலறைகள் வரைந்தேன். அவன் பாளையங்கோட்டையிலேயே சின்னதாக ஒரு ஆபீஸ் போட்டான். லீவில் நான் வரும்போதெல்லாம் "அண்ணே, நல்லாருக்கீங்களா" என்று சிரித்த முகமாகக் கேட்பான். அந்தச் சிரிப்பில் ஒரு குத்தலைத் தேடித் தேடிப் பார்ப்பேன். கிடைக்காது. கிடைக்காததுதான் எரிச்சல். அவனுக்குக் கிடைக்க வேண்டியதை எடுத்துக்கொண்டவன் நான், பொறாமையும் எனக்கேதான். இந்த விசித்திரத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

போன வருடம் ஹாஜியார் அந்த வீட்டில், மகளிடம் இருக்கும்போதே காலமானார். நான் ஊர் திரும்பியதும் துக்கம் கேட்கக் காயல்பட்டினம் போனேன். மருமகன் கூடத்தில் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "மாமாவ வச்சுத் தூக்குற சந்தூக்குப் பெட்டிய முன்கதவு வழியா உள்ள கொண்டார முடியல. கட்டிலு பீரோவெல்லாம் எப்பவும் பக்கத்துச் சந்து, அந்த முடுக்கு வாசல் வழியாத்தான் வரும். மாமாவையும் முடுக்கு வழியாவே தூக்கிட்டுப் போயிரலாம்னு பெரியவங்க சொன்னாங்க. அந்த நேரம் ஒங்க தம்பி வந்திருந்தாங்க. 'ஹாஜியார முன்வாசல் வழியாத்தான் கொண்டு போவணும்'னு சொல்லி, ஆசாரியக் கூட்டிவந்து, அவங்களே கூட நின்னு கதவக் கழட்டுனாங்க. அப்புறம் ஒரு நாள் வந்து ஓரத்துல கீல் அடிச்சு மாட்டிக் குடுத்தாங்க. காசு வாங்கல. 'நான் வச்ச அச்சு தப்பாப் போச்சு, நான்தான் சரி பண்ணணும்'னு சொல்லிட்டாங்க."

பெருமை வந்த அன்று என் பெயரைச் சொன்னவன், பழி வந்த அன்று தன் பெயரைச் சொல்லியிருக்கிறான். எனக்குச் சோறு போட்ட மனிதரின் சாவுக்குத் துக்கம் கேட்க வந்த இடத்தில், கண்ணீருக்கு முன்னால் எனக்கு வந்தது பொறாமைதான். கொடுத்த தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன். வாசலில் அந்தத் தேக்குக் கதவு சாத்தியிருந்தது. மருமகன் இழுத்துவிட்டார். ஓரத்துக் கீலில் பையத் திறந்து, சுவரை நெருங்கியதும் வேகம் குறைந்து, சத்தமில்லாமல் நின்றது, அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவன் செய்து வைத்துவிட்டுப் போன மாதிரியே.