சிரிப்பு நான்கு

சிரிப்பு நான்கு என்பது என்னுடையது. அந்த அலுவலகத்தின் கணினிகளில் அந்தப் பெயரில்தான் அது இருந்தது. சிரிப்பு ஒன்று வாசலில் உட்கார்ந்திருக்கும் காவற்காரருடையது, இரண்டும் மூன்றும் படம் வெட்டும் பையன்களுடையவை. வேறு எங்கிருந்தாவது எடுத்த சிரிப்பொலியைப் போட்டால் செயலிக்காரர்கள் வீடியோவைத் தூக்கிவிடுகிறார்கள் என்று, முதலாளி ஒரு நாள் எங்கள் எல்லோரையும் சின்ன அறை ஒன்றில் உட்காரவைத்து, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஒவ்வொருவராகச் சிரிக்கச் சொன்னார். சிரி என்றால் யாருக்குச் சிரிப்பு வரும்? என் முறை வந்தபோது தொண்டையில் ஒன்றுமே இல்லை. அப்போது எங்களுக்குச் சீனத்திலிருந்து பர்மியத்துக்கு மாற்றித் தரும் பெண், முதலாளியின் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் தும்மலை நடித்துக் காட்டினாள். அவருக்கு ஒரு பழக்கம்: மூன்று தடவை மூச்சை இழுப்பார், கண்ணை மூடுவார், கடைசியில் தும்மாமலே விட்டுவிடுவார். நான் வெடித்துவிட்டேன். என் சிரிப்பு கொஞ்சம் விசித்திரமானது. முதலில் காற்று மட்டும் போகும், சத்தம் வராது. பிறகு ஒரேயடியாகக் கொட்டும். முடியும்போது விக்கல் மாதிரி இரண்டு. சின்ன வயதிலிருந்தே வீட்டில் இதற்காகக் கேலி உண்டு. முதலாளிக்கு அது மிகவும் பிடித்துப்போய்விட்டது.

அலுவலகம் ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் பாதையை ஒட்டிய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. சீனாவின் செயலிகளில் ஓடும் சின்னச் சின்ன வீடியோக்களை எடுத்து, பர்மியத்தில் எழுத்துப் போட்டு, சிரிப்பைச் சேர்த்து, ரங்கூனில் இருப்பவர்கள் பார்க்கும் பக்கங்களில் ஏற்றுவது எங்கள் வேலை. என் பங்கு கடைசிப் பங்கு. எந்த வினாடியில் எந்த வரி, எந்த வினாடியில் எந்தச் சிரிப்பு என்று ஒரு தாள் வரும். அதன்படி பொருத்த வேண்டும். மின்சாரம் இல்லாத நேரமே அதிகம் என்பதால் ஜெனரேட்டர் இரைந்துகொண்டே இருக்கும். காதுக்கு மாட்டும் கருவி இரண்டோ மூன்றோதான் இருந்தது, அது எனக்குக் கிடைத்ததே இல்லை. ஆகவே நான் சத்தத்தை அணைத்துவிட்டு வேலை செய்தேன். வாய்கள் அசையும், நான் வரியைப் பொருத்துவேன். வாய்கள் நிற்கும், நான் சிரிப்பைப் பொருத்துவேன். சட்டைக்குப் பொத்தான் தைப்பது போல இருந்தது. சட்டை யாருக்கு என்று பொத்தான் தைப்பவள் கேட்பதில்லை.

முதலில் பூனைகள், கீழே விழும் மாப்பிள்ளைகள், மாமியார் மருமகள் நாடகங்கள். பிறகு கறுப்பர்கள் வந்தார்கள். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் ஒரே நிறச் சட்டை போட்ட குழந்தைகள் வரிசையில் நிற்பார்கள். படத்துக்குள் தெரியாத ஒரு சீனர் சொல்லிக்கொடுப்பதைத் திருப்பிச் சொல்லி, கைதட்டி, பல் தெரியச் சிரிப்பார்கள். தங்களையே கேவலமாகச் சொல்லிக்கொள்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. இப்படி எடுப்பதற்கென்றே ஆட்கள் அங்கே போகிறார்கள் என்றும், பிறந்தநாள் வாழ்த்துபோல இவற்றைச் சொல்லிவைத்து வாங்குகிறவர்கள் உண்டு என்றும் மொழிபெயர்க்கும் பெண்தான் எனக்குச் சொன்னாள். அதற்குப் பிறகு வந்தவற்றில் குழந்தைகள் இல்லை. தெருவில் நடக்கிற கறுப்பின மனிதர்கள், அவர்கள் மேல் வரிகள். சோம்பேறிகள், நோய் கொண்டுவருகிறவர்கள், நம் பெண்களைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள். கடைசி வரிக்கு முதலாளி தாளில் எப்போதும் ஒன்றையே எழுதுவார்: சிரிப்பு நான்கு.

அந்த அறையில் கறுப்பர்களை வெறுக்கிறவர் என்று ஒருவர்கூட இல்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். முதலாளி நல்ல மனிதர், பண்டிகைக்கு எல்லோர் வீட்டுக்கும் பலகாரம் அனுப்புகிறவர். அவருடைய அப்பாவே சீனர் என்பதற்காக, ஒரு கலவரத்தின்போது கடையைப் பூட்டிவிட்டு, பர்மியர் வீட்டுப் பரணில் ஒளிந்திருந்தவர். எனக்கு மட்டும் என்ன? பள்ளிக்கூடத்தில் என்னை 'கலா' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தியர் முகம் உள்ள எல்லோருக்கும் இங்கே அதுதான் பெயர். எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பதை வைத்து எவ்வளவு வலிக்க வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம். நிறம் தெரியாதிருக்க அம்மா தினமும் காலையில் என் முகத்தில் 'தனக்கா' என்கிற மரப்பட்டைக் குழம்பைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல அடித்து அனுப்புவாள். முதல் கறுப்பின வீடியோவுக்குச் சிரிப்பைப் பொருத்தியபோது வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. எங்களை விட்டுவிட்டு வேறு யார் மேலோ விழுகிறதே என்ற நிம்மதி. அதன் பிறகு அதுவும் இல்லை, எதுவுமே இல்லை.

இத்தனைக்கும் எனக்கு ஒரு கறுப்பரைத் தெரியும், நன்றாகத் தெரியும். குழந்தைகள் அவரைச் சயா என்பார்கள்; பர்மியத்தில் ஆசிரியர். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து இங்கே ஒரு கால்பந்து அணிக்கு ஆட வந்தவர். முழங்கால் போனதும் அணி கைவிட்டது, அவர் ஊர் திரும்பவில்லை. ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் சனி, ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். என் மகளும் போனாள். என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், அவர் புண்ணியத்தில் எனக்கு ஆங்கிலம் வரும். அதனால் சயாவுக்கும் மற்றப் பெற்றோருக்கும் நடுவில் நான்தான் பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவருவேன். வகுப்பு தொடங்கும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் போய்க் குனிந்து கை குலுக்குவார், முடியும்போதும் குலுக்குவார். எவ்வளவு மழையானாலும் ஒருவரை விடமாட்டார். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு யார் கை கொடுக்கிறார்கள்? பெரிய மனிதர்களாகிவிட்டதுபோல அதுகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும்.

சயாவின் பர்மியம் அவர் முழங்காலைவிட மோசம். கோல்கீப்பரிடம் கோபமாக எதையோ கத்துவார், அது யாரோ விருந்தாளியைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல இருக்கும். நான் மரத்தடியில் உட்கார்ந்து மூச்சுவிட முடியாமல் சிரிப்பேன். “அமா சிரிச்சா ரயில் சத்தமே கேக்காது” என்று பிள்ளைகளிடம் சொல்வார். அமா என்றால் அக்கா. சில நாள் என்னைச் சிரிக்கவைப்பதற்காகவே வேண்டுமென்று தப்பாகப் பேசுகிறாரோ என்று தோன்றும். விக்கல் வரும்வரை காத்திருந்து, அது வந்ததும் ஆட்டம் முடிந்ததுபோல விசில் ஊதுவார்.

வீடியோக்கள் பெற்றோரின் கைபேசிக் குழுவுக்கு வந்தன. யாரும் சயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருவர் அனுப்புவார், மற்றவர்கள் சிரிக்கும் முகங்களைப் போடுவார்கள், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை, கை குலுக்கி முடித்த பிள்ளை ஒன்றின் கையை அதன் அம்மா ஈரக் காகிதத்தால் துடைத்துக்கொண்டிருந்தாள். சேற்றைத் துடைக்கிறாள் என்று நினைத்தேன். அன்று மழை இல்லை, இன்னும் ஆட்டம் தொடங்கவும் இல்லை. அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வரவில்லை, அதற்கடுத்த வாரம் இன்னும் நான்கைந்து பேர். வகுப்பு இருந்தால்தான் சயாவுக்கு அறை வாடகை, அறை இருந்தால்தான் தங்கும் அனுமதி. இது எல்லாருக்கும் தெரியும். என் கணவர் போட்டாதாங் படகுத்துறையில் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் மேஸ்திரி, ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “நாமளே கலான்னு பேரு வாங்கிட்டு நிக்கிறோம். அவரோட வேற சேத்துப் பேசணுமா? புள்ளைய இனிமே அனுப்ப வேணாம்.” நான் அவருக்கு ரசம் ஊற்றினேன்.

சயாவிடம் சொல்லிக்கொண்டு வர மட்டும் மகளைக் கடைசியாக ஒரு நாள் கூட்டிப்போனேன். அன்று சுவரோரம் இருந்த சில பிள்ளைகள் சயாவைப் பார்த்து ஏதோ ஒரு வரியை ராகமாகச் சொல்லிக் கைதட்டினார்கள். சீனம். வீடியோவிலிருந்து மனப்பாடம் செய்தது. அர்த்தம் தெரியாது, சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சத்தத்தை அணைத்தே வேலை செய்த எனக்கு, நான் எழுத்துப் பொருத்திய வரி சீனத்தில் எப்படி ஒலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

சயா என்னிடம் வந்தார், கைபேசியைக் காட்டினார். “அமா, இதுல என்ன சொல்றாங்க?”

“எனக்குச் சீனம் தெரியாது சயா,” என்றேன். அது உண்மைதான்.

“நாளைக்குப் பெத்தவங்களை வரச் சொல்லியிருக்கேன். நீங்க பேசுங்க. இது காசுக்கு எடுத்தது, நெசம் இல்லைன்னு சொல்லுங்க. உங்க வேலையே வீடியோதானே, நீங்க சொன்னா கேப்பாங்க.”

தலையாட்டினேன். நன்றி சொல்லிவிட்டு, எந்த இடம் மோசம் என்று காட்டுவதற்காக அவர் வீடியோவை மறுபடி ஓட்டினார். கடைசி வரி வந்தது. முதலில் காற்று போனது. பிறகு கொட்டியது. பிறகு விக்கல் இரண்டு. அவர் கை தானாகக் கழுத்தில் தொங்கிய விசிலுக்குப் போய், பாதியில் நின்றது. இன்னொரு தடவை ஓட்டிக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. தெருவில் தெரிந்தவரைப் பார்த்துவிட்டு அவர்தானா என்று சந்தேகப்படுகிற முகம்.

“ஒரே மாதிரி சிரிப்பு நெறையப் பேருக்கு இருக்கும் சயா,” என்றேன். அவர் எதுவும் கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

அவர் கைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வகுப்பு முடியும்போது செய்வதுபோலக் கையை நீட்டினார். என் இரண்டு கையிலும் பை இருந்தது. கீழே வைத்திருக்கலாம். மறுநாள் நான் போகவில்லை, மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். மூன்று பேர் வந்தார்களாம். என்ன பேசினார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் சயா போய்விட்டார். தாய்லாந்து என்றார் ஒருவர், ஊருக்கே என்றார் இன்னொருவர். அந்த நிலத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன.

வேலையை நானாக விடவில்லை. என் வேலையை இப்போது இயந்திரமே செய்கிறது என்று முதலாளி வருத்தத்தோடு சொல்லி, பலகாரப் பெட்டி ஒன்றும் கொடுத்து அனுப்பினார். கிளம்பும்போது என் சிரிப்பை அழித்துவிடச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன். நினைத்து முடிப்பதற்குள் தெருவுக்கு வந்துவிட்டேன்.

போன மாதம் மகளுக்குப் பள்ளிச் சீருடைத் துணி வாங்க பபேடான் கடைத்தெருவுக்குப் போகும் பஸ்ஸில் இருந்தோம். முன் இருக்கைப் பெண் கைபேசியில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். வேட்டி கட்டிய ஒரு வயதானவர், எங்கள் அப்பா நிறம், தரையில் உட்கார்ந்து கையால் சோறு பிசைந்து சாப்பிடுகிறார். கீழே பர்மிய எழுத்தில் வரி ஓடியது, அதை இங்கே எழுதப்போவதில்லை. அவர் வாயைத் துடைத்ததும் முதலில் காற்று போனது, பிறகு கொட்டியது, பிறகு விக்கல் இரண்டு. பக்கத்தில் எட்டிப்பார்த்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குள் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். நடக்கவில்லை. வீட்டில் எப்போதும் பர்மியம் பேசுகிற மகள், மற்றவர்களுக்குப் புரியக்கூடாது என்று தமிழில், என் காதோடு சொன்னாள்: “அம்மா, அது நீதான்.”

இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை. “ஆமா,” என்றேன்.

“அந்தத் தாத்தாவப் பாத்து எதுக்குச் சிரிச்சே?”

அவரைப் பார்க்கவே இல்லை, எங்கள் முதலாளிக்குத் தும்மல் வராததைப் பார்த்துத்தான் சிரித்தேன் என்று சொன்னேன். அது முழுக்க உண்மை. அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள், பிறகு என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.