எதுக்கும் இன்னொரு கரண்டி

அன்று மத்தியானம் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று எனக்குள் சொன்னது ஆண்டவரா, என் பழைய பயமா? இரண்டு வருடமாகியும் எனக்கு விடை தெரியாது. தெரியாமலேதான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

நாங்கள் பாலையூற்றில் இருக்கிறோம். இவர், என் கணவர், துறைமுகத்தில் எழுதுவினைஞர். எங்கள் ஒரே பிள்ளை ஜெனிற்றாவுக்கு இழுப்பு வருத்தம்; மூச்சு விடவே கஷ்டப்படுவாள். 1980 தவக்காலம் தொடங்கும் முன், ஒரு வியாழக்கிழமை காலை அவளுக்கு மருந்து கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். அரிசி களையும்போதே சந்தேகம் வந்துவிட்டது. கொடுத்தேனா? கொடுக்க நினைத்தது மட்டுந்தானா? போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எதுக்கும் இருக்கட்டும் என்று ஒரு கரண்டி கொடுத்தேன். பிறகு, அதில் பாதியைத் துப்பிவிட்டாளோ என்று தோன்றியது. எதுக்கும் இன்னொரு கரண்டி.

பதினொரு மணிக்கு அவளை எழுப்ப முடியவில்லை. தோளில் போட்டேன், தலை தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் கொண்டுபோனார்.

“எத்தனை கரண்டி குடுத்தனீங்கள், அம்மா?” டொக்டர் கேட்டார்.

“ஒண்டு. இல்ல, ரெண்டு. மூண்டோ தெரியேல்ல, டொக்டர்.”

“உங்களுக்குத் தெரியாட்டில் நான் எப்பிடி வைத்தியம் செய்யிறது?”

மாலையில் அவள் கண் திறந்து பிஸ்கட் கேட்டாள். ஆண்டவர் பிள்ளையைத் திருப்பித் தந்தார். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் போத்தலைத் தொட எனக்குக் கை வரவில்லை. காலையும் மாலையும் இவர் மருந்து கொடுத்தார். மத்தியான மருந்துக்கும் துறைமுகத்திலிருந்து சைக்கிளில் வந்தார். முதலில் பகிடியாகச் சொன்னார்: “வீட்டில தாய் இல்லையோ எண்டு கந்தோரில கேக்கிறாங்கள்.” பிறகு சிரிக்கவில்லை.

“இஞ்சேரும், ஈஸ்டருக்குப் பிறகு எனக்கு வேலை நேரம் மாத்துறாங்கள். மத்தியானம் வர ஏலாது. நீர்தான் குடுக்கவேணும்.”

நாட்களை எண்ணினேன். நாற்பது நாள் கூட இல்லை. சமைக்கும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் ஒரே செபந்தான்: ஆண்டவரே, என் கையை நான் நம்பச் செய்யும்.

அந்தத் தவக்காலச் சனிக்கிழமைகளில் எங்கள் கோயில் பங்கு மண்டபத்தில் தாய்மாருக்குத் தியானம் நடந்தது. நடத்திய சிஸ்டருக்கு என் வயதுதான் இருக்கும். வெளிநாட்டில் படித்து வந்தவர். பலகையில் ஒரு வட்டம் கீறி, அதைச் சுற்றி ஒன்பது இலக்கம் போட்டார். எனியகிராம் என்றார். மனிதரின் சுபாவத்தை ஒன்பது வகையாகப் பார்க்கும் முறை அது. ஒவ்வொன்றையும் விளக்கிவிட்டு, அமைதியாக இருந்து உங்கள் இலக்கத்தை நீங்களே தேடுங்கள் என்றார். நான் யோசிக்கவே இல்லை. இரண்டு: பிறருக்காகவே வாழ்கிறவர்கள். நல்ல தாய் வேறு என்னவாக இருப்பாள்?

கடதாசிகளை வாங்கிப் பார்த்த சிஸ்டர் சிரித்தார். “பதினொரு பேரில ஒன்பது பேர் இரண்டாம் இலக்கம்! அப்ப தண்ணிக் குழாயடியில சண்டை பிடிக்கிறது ஆர்?”

மண்டபமே சிரித்தது. பிறகு சொன்னார்: “என்ன செய்யிறீங்கள் எண்டு பாக்காதேங்கோ. எதுக்குப் பயந்து அதைச் செய்யிறீங்கள் எண்டு பாருங்கோ. இந்தக் கிழமை முழுக்க உங்கட வாயில அடிக்கடி வாற சொல் எது எண்டு கவனியுங்கோ. இலக்கத்தை நான் சொல்லமாட்டன்.”

நான் ‘பிள்ளை’ என்று எழுதி வைத்தேன். இவர் எட்டிப் பார்த்து, “அதில்லை,” என்றார். வேறு எது என்று கேட்டேன். “நீரே கவனியும்,” என்றார்.

செவ்வாய்க்கிழமை ஜெனிற்றா கதிரைக்குக் கீழே இருந்து பொம்மைக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். வெறுங் கரண்டி. பொம்மையின் வாயைத் துடைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். முகத்தைச் சுருக்கிக்கொண்டு, “எதுக்கும் இன்னொண்டு,” என்று திரும்பவும் ஊட்டினாள்.

அது என் முகம். என் குரல். என் வாயில் அடிக்கடி வருகிற சொல்லும் அதுதான்: எதுக்கும்.

என் இலக்கம் ஆறு. கடமை தவறாதவர்கள், வராத ஆபத்தையும் வாசலில் நின்று பார்க்கிறவர்கள், தாங்கள் செய்ததையே நம்பாதவர்கள். நான் அன்பு என்று நினைத்ததில் பாதி பயம். அடுத்த சனிக்கிழமை சிஸ்டரிடம் அழுதேன். அவர் தேற்றவில்லை. “அப்ப, குடுத்தவுடன ஆண்டவருக்கு முன்னால வாய்விட்டுச் சொல்லுங்கோ,” என்றார்.

ஈஸ்டருக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை இவர் வேலைக்குப் போய்விட்டார். பன்னிரண்டு மணிக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். “ஆண்டவரே, குடுத்திட்டன்,” என்றேன். “ஓம், குடிச்சிட்டன்,” என்றாள் பிள்ளை.

சந்தேகம் வந்தது. முழுவதும் இறங்கியிருக்குமா? கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். செபித்தேன். போத்தலைத் தொடவில்லை.

ஒரு மணியளவில் அவளைப் பார்த்தேன். பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். காலையில் கேட்ட இழுப்புச் சத்தம் நின்றிருந்தது. சுகம்தானே? ஆனால் உள்ளே ஒன்று, ஓடு என்றது. இதுவும் ஆறாம் இலக்கத்தின் வேலைதான் என்று கால் மணி நேரம் என்னை நானே பிடித்து வைத்தேன். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். கார் ஆஸ்பத்திரி வாசலுக்குத் திரும்பும்போது அவள் உதடு நீலம்பாரித்தது.

அதே டொக்டர். “மருந்து குடுத்தனீங்களோ?”

“ஓம். பன்னிரண்டு மணிக்கு. ஒரு கரண்டி.”

“நிச்சயமா?”

“ஒண்டுதான், டொக்டர்.”

அளவு தெரிந்ததால் அவர் உடனே ஊசி போட்டார். பிறகு சொன்னார்: “சத்தம் நிண்டது சுகத்தில இல்லை, அம்மா. மூச்சு உள்ள போகவே இல்லை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா...”

நான் கேட்டது இதைத்தான். என் கை செய்ததை என் வாய் சொல்லும் வரத்தைக் கேட்டேன். அந்த ‘ஒண்டுதான்’ ஆண்டவர் தந்தது. ஜெனிற்றாவுக்கு இப்போது ஐந்து வயது; பாலர் வகுப்புக்குப் போகிறாள். சகோதரிகளே, உங்கள் நல்ல குணம் என்று நீங்கள் நினைப்பதையே ஒருநாள் அவர் முன் வைத்து, இதற்குள் என்ன பயம் இருக்கிறது என்று கேளுங்கள். அவர் காட்டுவார். காட்டியபின் கைவிடமாட்டார்.

ஆனால் எனக்கு ஒன்று சொல்லுங்கள். இன்னொரு கரண்டி கொடு என்றதும், ஓடு என்றதும் எனக்கு ஒரே குரலாகத்தான் கேட்டன. ஒன்றுக்கு அடங்கிப் பிள்ளையை இழக்கப் பார்த்தேன். மற்றதற்கு அடங்காமல் இருந்திருந்தால் இழந்தே இருப்பேன். பயத்தையும் ஆண்டவரின் எச்சரிப்பையும் நீங்கள் எப்படிப் பிரித்து அறிகிறீர்கள்? பங்கு இதழுக்கு எழுதுங்கள். இதை எதுக்கும் கேட்டு வைப்போம் என்று கேட்கவில்லை. நாளை மத்தியானமும் வீட்டில் நானும் பிள்ளையுந்தான்.