மைக்கம்மா அழுத்திய பொத்தான்

இருபத்தாறு ஆண்டுகளில் மைக்கம்மா தப்பாகச் சொன்ன நடைமேடை ஒன்றே ஒன்றுதான்.

பேருந்து நிலையத்தின் நடுவில் கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. பெயரும் அப்படி வந்ததுதான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் ஒருநாள் ஆறு என்பதற்கு நான்கு என்று சொல்லிவிட்டார். பெட்டியும் பையுமாக நாற்பது பேர் நான்கை நோக்கி ஓட, வண்டி ஆறிலிருந்து கிளம்பிப் போனது. மற்றவர்கள் எப்படியோ வேறு வண்டி பிடித்துவிட்டார்கள். பச்சைப் பெட்டி வைத்திருந்த ஒரு பெண் மட்டும் பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மைக்கம்மாவின் கனவில் அவள் இன்னும் எழுந்து போகவில்லை.

வீட்டிலும் அறிவிப்பு வேலைதான். கணவர் கணக்கு வாத்தியார். சர்க்கரை வியாதி இரண்டு வருடத்துக்கு முன் அவர் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. தட்டில் எது எங்கே இருக்கிறது, வாசலில் நிற்பது யார், இன்றைக்கு வானம் என்ன நிறம் என்று அவருக்கு எல்லாம் மைக்கம்மாதான் சொல்வார். சொல்லிக்கொள்ளாதது ஒன்றுதான். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில், யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டதே இல்லை.

வார்டு உறுப்பினர் திடீரென்று இறந்துபோக, இடைத்தேர்தல் வந்தது. நின்றவர்கள் மூன்று பேர், சண்டை ஒன்று: பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோவதா, வேண்டாமா? கொண்டுபோயே தீருவேன் என்றவர் மூன்றாம் எண்காரர் மட்டும். புது நிலையத்தில் பதிவு செய்த குரல்தான் பேசும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. மைக்கம்மாவுக்கு ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருந்தது.

வாக்குச்சாவடி, வாத்தியார் பாடம் நடத்திய அதே பள்ளிக்கூடம். படிகளை அவர் கால் தானாக எண்ணிக்கொண்டது. பட்டியலில் பெயரைத் தேடி, அடையாள அட்டையைப் பார்த்து, விரலில் மை வைத்துவிட்டு அதிகாரி நிமிர்ந்தார்.

"சார், பொத்தான் பக்கத்துல புள்ளி எழுத்து இருக்கு. தடவிப் படிக்கத் தெரியுமா?"

"புள்ளின்னா எனக்குத் தசமம்தான் தம்பி தெரியும்."

"அப்ப துணைக்கு ஒருத்தர் வரலாம். அம்மா, நீங்க இன்னிக்கு வேற யாருக்கும் துணையாப் போகலியே? இதுல கையெழுத்துப் போடுங்க. உள்ள நடந்ததை வெளிய சொல்லக் கூடாது."

"நல்ல ஆளாப் பார்த்துப் பிடிச்சீங்க," என்றார் வாத்தியார். "ஊருக்கே சொல்றதுதான் இவ உத்தியோகம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. மைக்கம்மா அவர் கையைக் கிள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அட்டை மறைப்புக்குப் பின்னால் வாத்தியார் மைக்கம்மாவின் காதோரம் குனிந்தார். "மூணு."

"என்னங்க?"

"மூணாவது ஆளு."

"அவன் வந்தா என் வேலை..."

"தெரியும்மா." அவர் குரல் இறங்கியது. "நம்ம தெருவுலதானே எல்லா வண்டியும் திரும்புது? ரெண்டு வருஷமா வாசலைத் தாண்டித் தனியா ஒரு அடி வைக்கல. வண்டிங்க போயிட்டா, குச்சியைத் தட்டிக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் நானே போவேன்."

மைக்கம்மா இயந்திரத்தைப் பார்த்தார். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வருவது ஒரே சத்தம். ஒன்றாம் எண்ணை அழுத்தினாலும் வாத்தியாருக்குத் தெரியப்போவதில்லை. உயரமான ஜன்னல்களிலிருந்து வெளிச்சம் பால் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. சுவர்கள் மெல்லக் கண்ணாடியாயின. வெளியே பெட்டியும் பையுமாக நாற்பது பேர், அண்ணாந்து, மைக்கம்மா வாய் திறப்பதற்காக நின்றார்கள். ஓரத்துப் பெஞ்சில் பச்சைப் பெட்டிக்காரியும் தலையைத் தூக்கினாள்.

"பயணிகளின் கவனத்திற்கு," என்றார் மைக்கம்மா, வாத்தியாருக்கு மட்டும் கேட்கும்படி, அந்தக் கண்ணாடி அறைக் குரலில். "எண் மூன்று."

விரல் குரலின் பின்னால் போனது. பீப் சத்தம் கூடத்தில் நீளமாக மிதந்து அடங்கியது. வாத்தியார் அது முழுக்க அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டார்.

பிறகு அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மைக்கம்மா தன் ஓட்டைப் போடத் தனியாகப் போனார். அதே சத்தம் இன்னொரு முறை கேட்டது.

"நீ யாருக்குன்னு நான் கேக்கல," என்றார் வாத்தியார், படி இறங்கும்போது.

"கேட்டாலும் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அது என் ஓட்டுக்குத்தானேம்மா."

"ரெண்டுக்கும் சேர்த்துதான்னு வச்சுக்கோங்க. படி பார்த்து, இன்னும் ரெண்டு."

மூன்றாம் எண்காரர் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார். நிலையம் அடுத்த ஆண்டு இடம் மாறுகிறது, மைக்கம்மாவின் வேலையும் அத்தோடு முடிகிறது. பொதுத்தேர்தலுக்குப் பதினான்கு மாதம் இருக்கிறது. அதற்குள் புள்ளி எழுத்தைக் கற்றுக்கொண்டுவிட, வாத்தியார் செவ்வாய்க்கிழமைதோறும் மைக்கம்மாவோடு கிளம்பி வகுப்புக்குப் போகிறார். அந்த வண்டி இரண்டாம் நடைமேடையிலிருந்து ஒன்பது இருபதுக்குப் புறப்படும்.